பாதுகாப்பு வரிசையை விற்க யாருக்கு உரிமை?

விமானப் பிரயாணத்தில் அதிகக் கட்டணம் செலுத்துகிறவருக்கு அதிகச் சௌகரியம் கிடைப்பது இயற்கையே என்றும், அந்தச் சௌகரியங்களுள் ஒன்றாகப் பாதுகாப்புச் சோதனையின் வரிசையில் அவரை மற்றவர்களுக்கு முன்னால் அனுப்புவதும் நியாயமே என்றும், இதை ஆட்சேபிக்கிறவர்களின் பேச்சு பிறர் வாழ்வு கண்டு பொறாத மனத்தின் புழுக்கமே என்றும் ஓர் அபிப்பிராயம் படித்தவர்கள் நடுவில் இன்று வேரூன்றி நிற்கிறது. இப்படி நினைக்கிறவர்கள் கெட்டவர்கள் அல்லர். என் நெருங்கிய நண்பர்களில் பலரும், என் சொந்த மைத்துனரும் இந்தக் கட்சியைச் சேர்ந்தவர்களே. மைத்துனர் மாதத்தில் மூன்று நான்கு தடவை வணிக வகுப்பில் பறக்கிறவர். யாருக்கும் தீங்கு நினைக்காதவர். “நான் காசு கொடுக்கிறேன், கம்பெனி வசதி கொடுக்கிறது, நடுவில் உங்களுக்கு என்ன நஷ்டம் அத்தான்?” என்று அவர் ஒருநாள் என்னைக் கேட்டபோது சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. பல நாள் யோசித்த பிறகு கிடைத்த பதிலையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் எதை நான் எதிர்க்கவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். விமானத்தின் முன்பகுதியில் கால் நீட்டிப் படுக்கக்கூடிய ஆசனம், பீங்கான் தட்டில் பரிமாறும் சாப்பாடு, புறப்படும்வரை சாய்ந்திருக்க லவுஞ்ச், இறங்கியதும் முதலில் வந்து சேரும் பெட்டி, இவற்றையெல்லாம் விமானக் கம்பெனி தன் மூலதனத்தைப் போட்டு உண்டாக்குகிறது, தனக்கு இஷ்டமான விலைக்கு விற்கிறது, வேண்டியவர் வாங்குகிறார். இதில் மூன்றாம் மனிதர் குறுக்கிட ஒன்றும் இல்லை. ரயிலிலும் வகுப்புகள் இருந்தன, இருக்கின்றன. மூன்றாம் வகுப்பிலேயே தேசம் முழுவதும் சுற்றிய காந்தியடிகள் அந்த வண்டிகளின் நெரிசலையும் அழுக்கையும் பற்றி 1917 இல் மனம் நொந்து எழுதினார். ஆனால் அத்தனை வேற்றுமை நிறைந்திருந்த அந்தக் காலத்து ரயில் நிலையத்திலேகூட, போலீஸ்காரர் முதல் வகுப்புக்காரரின் புகாரை முதலில் எழுதிக்கொள்வார் என்று எந்த ரயில்வேக் கம்பெனியும் டிக்கெட்டில் அச்சடித்து விற்றதில்லை. மெத்தையை விற்கலாம், போலீஸை விற்கலாகாது என்ற வரம்பு எல்லாருக்கும் விளங்கியிருந்தது. விமான நிலையத்தில் அந்த வரம்பு அழிந்துகொண்டிருக்கிறது என்பதுதான் என் குற்றச்சாட்டு.

சென்ற ஆண்டு, ஒரு பெரிய நகரத்து விமான நிலையத்தில், விடியற்காலை நாலரை மணிக்கு, மஸ்கட் போகும் விமானத்துக்காக வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் புதுக்கோட்டைப் பக்கத்து அம்மாள் ஒருவர். வயது அறுபதுக்குக் குறையாது. மகளுடைய பிரசவத்துக்காகப் போகிறார். முதல் விமானப் பிரயாணம். பாஸ்போர்ட்டையும் போர்டிங் பாஸையும் ஒரு மஞ்சள் பையில் வைத்து, பையின் வாயை மடித்து, மடித்த இடத்தை விரல் வெளுக்கும்படி இறுகப் பிடித்திருந்தார். வரிசை ஊர்ந்தது. எங்கள் வரிசையும் விசேஷ வரிசையும் ஒன்று சேரும் முனையில் வெயிஸ்ட்கோட் அணிந்த இளைஞர் ஒருவர் நின்றார். விசேஷ வரிசையில் ஆள் வரும்போதெல்லாம் அவர் எங்கள் பக்கம் உள்ளங்கையைக் காட்டி நிறுத்துவார். அவர்கள் போன பிறகு கையைத் தாழ்த்துவார். ஒரு தடவை ஐந்து பேர், பிறகு ஒருவர், பிறகு இருவர், மறுபடி நால்வர். அந்தக் கை நாலாம் முறையாக உயர்ந்தபோது அம்மாள் திரும்பி, தணிந்த குரலில், “ஏன் தம்பி, அவங்க வேற விமானமா?” என்று கேட்டார். “இல்லம்மா, அதே விமானந்தான்” என்றேன். “அப்போ அவங்களுக்கு மட்டும் முன்னாடியே கிளம்பிடுமா?” என்றார். அவர் கேட்ட கேள்வியில் கோபமே இல்லை. உலகத்தில் இதற்கு ஒரு காரணம் இருக்கத்தான் வேண்டும், தமக்குத்தான் அது தெரியவில்லை என்ற நம்பிக்கையோடு கேட்டார். அந்த நம்பிக்கைக்குத் தகுந்த ஒரு காரணத்தை என்னால் அவருக்குச் சொல்ல முடியவில்லை.

கடைசியில் எங்கள் முறையும் வந்தது. அம்மாள் மஞ்சள் பையைச் சாம்பல் நிறத் தட்டில் வைக்கத் தயங்கி வைத்தார். திரைக்குப் பின்னால் சிறிய மேடைமேல் ஏறி நின்று இரண்டு கைகளையும் விரித்தார். காக்கி உடுத்த பெண் காவலர் கருவியைத் தோளிலிருந்து கால்வரை ஓட்டிவிட்டு அனுப்பினார். அதற்குச் சற்று முன் என் கண்ணெதிரே விசேஷ வரிசையில் சென்ற கனவான்களும் அப்படியே இடுப்பு வாரைக் கழற்றினார்கள். அப்படியே கைகளை விரித்தார்கள். அதே மாதிரிக் கருவி அவர்கள் மேலும் ஓடிற்று. சோதனையில் வித்தியாசம் ஒன்றுமே இல்லை. அதற்குக் காத்திருந்த நேரத்தில்தான் வித்தியாசம். எங்கள் விமானத்துக்கு இறுதி அழைப்பு ஒலித்துக்கொண்டிருந்தது. அந்த அம்மாள், செருப்புக் கையிலும் பை மார்பிலுமாக, அந்த நீண்ட கூடத்தில் ஓடினார். விமானத்தைப் பிடித்துவிட்டார். ஆனால் அவர் ஓடிய காட்சி இன்றும் என் மனத்தை விட்டு நீங்கவில்லை.

அந்த மேடை என்ன, அந்தக் காக்கி உடை யாருடையது என்பதை நினைத்துப் பார்த்தால் என் வாதத்தின் பாதி தானே விளங்கும். 1984 ஆகஸ்ட் 2 ஆம் தேதி இரவு மீனம்பாக்கம் விமான நிலையத்தில் பெட்டியொன்றிலிருந்த வெடிகுண்டு வெடித்து முப்பது பேர் அளவில் மாண்டார்கள். மறு ஆண்டு ஜூன் 23 அன்று அயர்லாந்துக் கடலோரத்துக்கு அப்பால் ‘கனிஷ்கா’ என்ற ஏர் இந்தியா விமானம், பிரயாணி ஏறாமல் பெட்டி மட்டும் ஏறிய அஜாக்கிரதையால் வெடித்துச் சிதறி, 329 உயிர்களைக் கொண்டுபோயிற்று. அதன் பிறகே, 1987 ஏப்ரலில், சிவில் விமானப் பாதுகாப்புப் பணியகம் தனி இலாகாவாக்கப்பட்டது. 1999 டிசம்பர் 24 அன்று காட்மாண்டுவிலிருந்து டெல்லிக்குப் புறப்பட்ட ஐ.சி. 814 விமானம் கடத்தப்பட்டுக் காந்தகாரில் ஆண்டின் கடைசி நாள்வரை நின்றது. அடுத்த பிப்ரவரியில் ஜெய்ப்பூர் விமான நிலையத்தில் முதல் முதலாக மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படை காவலை ஏற்றது. பிறகு ஒவ்வொரு நிலையமாக அப்படையின் கைக்கு வந்தது. ஆக, அந்த மேடையும் அந்தக் கருவியும் அந்தக் காவலரும் எந்த விமானக் கம்பெனியின் விருந்தோம்பலாலும் அங்கே வந்தவை அல்ல. பிணங்களை எண்ணிய துக்கத்தின்மேல் இந்திய சர்க்கார் எழுப்பிய காவல் அது. அங்கே நிற்கிற மனிதர் வாடிக்கையாளராக நிற்கவில்லை. சட்டத்தின் நிர்ப்பந்தத்தால், தம் உடம்பை ஆயுதம் தாங்கிய அரசாங்கத்தின் சோதனைக்கு ஒப்புக்கொடுக்கும் பிரஜையாக நிற்கிறார். “எனக்கு இந்தச் சேவை வேண்டாம்” என்று அவர் விலகிப் போக வழியில்லை. வேண்டாம் என்று சொல்லும் சுதந்திரமில்லாத இடத்தில் வியாபாரம் என்ற சொல்லுக்கே இடமில்லை.

செலவு யாருடையது? அதையும் பார்ப்போம். விமானப் பாதுகாப்புக் கட்டணம் என்று ஒவ்வொரு டிக்கெட்டிலும் ஒரு தொகை வசூலிக்கப்பட்டு, அதற்கென்றே உள்ள தேசிய அறக்கட்டளைக்குப் போய்ச் சேர்கிறது. காவற்படையின் செலவு அதிலிருந்து நடக்கிறது. 2021 ஏப்ரல் முதல் உள்நாட்டுப் பிரயாணிக்கு 200 ரூபாய். வெளிநாடு செல்கிறவருக்கு 12 அமெரிக்க டாலர். இதில் வகுப்பு வித்தியாசம் கிடையாது. சித்தாளாக மஸ்கட் போகிறவரும் அதைத்தான் கொடுக்கிறார். அவரை வேலைக்கு அமர்த்தப் போகிற முதலாளியும் அதைத்தான் கொடுக்கிறார். சமமாகப் பணம் வாங்கிக்கொண்டு சமமில்லாத வரிசையில் நிற்க வைப்பதற்கு எந்தச் சாஸ்திரத்தில் ஆதாரம் இருக்கிறது?

“வணிக வகுப்புக்காரர் வரியும் அதிகமாகக் கட்டுகிறாரே” என்பார்கள். உண்மை. சாதாரண வகுப்பு டிக்கெட்டுக்கு 5 சதவீதம் ஜி.எஸ்.டி.; அதற்கு மேற்பட்ட வகுப்புகளுக்கு 2025 செப்டம்பர் முதல் 18 சதவீதம். ஆனால் வரி அதிகம் கட்டுகிறவருக்கு ராஜ்யத்தின் காவலில் அதிகப் பங்கு உண்டு என்ற கொள்கையை ஒப்புக்கொண்டால், அதை விமான நிலையத்தோடு நிறுத்த முடியுமா? லட்சக்கணக்கில் வருமான வரி கட்டுகிறவர் போலீஸ் நிலையத்துக்குள் நுழையும்போது, அங்கே முன்னமே அழுதுகொண்டு உட்கார்ந்திருக்கும் கூலிக்காரப் பெண்ணை எழுப்பிவிட்டு அவருக்கு நாற்காலி போட வேண்டியதுதான். தீயணைப்பு வண்டி பெரிய மாளிகையை அணைத்துவிட்டுக் குடிசைக்கு வர வேண்டியதுதான். சட்டத்தின் முன் எல்லாரும் சமம் என்று அரசியல் சாசனத்தின் 14 ஆவது பிரிவில் எழுதிவைத்தவர்கள், வரி ரசீதைக் காட்டிய பிறகு என்று அதில் சேர்க்கவில்லை.

இனி மைத்துனர் கேட்ட நஷ்டக் கணக்குக்கு வருகிறேன். இதுவே எதிர்க்கட்சியின் பலமான கோட்டை என்பதால் சற்று நிதானமாகவே பார்க்க வேண்டும். “விசேஷ வரிசை தனி வரிசை, அதனால் பொது வரிசைக்கு ஒரு குறையும் இல்லை” என்கிறார்கள். கணக்கின் பொருட்டு ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். ஒரு கூடத்தில் நான்கு எக்ஸ்-ரே இயந்திரங்கள். ஒவ்வொன்றும் மணிக்கு 100 பேரைச் சோதித்து அனுப்பும். அந்த மணி நேரத்தில் 400 பேர் வருகிறார்கள். அவர்களில் 40 பேர் உயர்ந்த கட்டணக்காரர்கள். எல்லாரும் வந்த வரிசைப்படி நான்கு இயந்திரங்களிலும் பிரிந்து போனால் மணி முடியும்போது கூடம் காலியாகிவிடும். இப்போது நான்கில் ஒன்றை அந்த நாற்பது பேருக்கென்று ஒதுக்குங்கள். அவர்கள் சிரமமில்லாமல் போய்விடுவார்கள். அந்த இயந்திரமும் அதன் காவலர்களும் பாதி நேரத்துக்கு மேல் வேலையில்லாமல் நிற்பார்கள். மற்ற 360 பேர் மூன்று இயந்திரங்களுக்கு முன் நெருக்கிக்கொண்டு நிற்பார்கள். மணி அடிக்கும்போது 300 பேர்தான் போயிருப்பார்கள். 60 பேர் இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருப்பார்கள். அடுத்த மணிக்காரர்கள் அவர்களுக்குப் பின்னால் வந்து சேருவார்கள். அந்த அறுபது பேரை நிற்க வைத்தது ஜனக்கூட்டம் அன்று, ஒதுக்கீடு.

தனி இயந்திரம் இல்லாமல், நான் கண்ட நிலையத்தைப் போல இரண்டு வரிசையும் ஒரு முனையில் கலந்தால் கணக்கு இன்னும் எளிது. நாற்பது பேரும் உமக்கு முன்னால் நுழைக்கப்பட்டால் நீர் ஆறு நிமிஷம் பின்னால் தள்ளப்படுகிறீர். இயந்திரம் அதே வேகத்தில்தான் ஓடுகிறது. ஒருவரை முன்னால் விட்டதனால் அது ஒரு விநாடிகூடக் கூடுதலாக உற்பத்தி செய்துவிடவில்லை. முன்னால் போனவர் பெற்ற ஒவ்வொரு நிமிஷமும் பின்னால் நிற்கிறவர்களின் மடியிலிருந்து எடுத்துக் கொடுக்கப்பட்ட நிமிஷம். ஆசனத்தை விற்கும்போது கம்பெனி தன் பொருளை விற்கிறது. வரிசையில் முன்னிடத்தை விற்கும்போது அந்தப் புதுக்கோட்டை அம்மாளின் நேரத்தை, அவரைக் கேட்காமல், அவருக்கு ஒரு காசும் கொடுக்காமல் விற்கிறது. “ஆறு நிமிஷந்தானே” என்று சொல்லுகிறவருக்கு நான் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: ஆறு நிமிஷம் அத்தனை அற்பமானால் அதை மிச்சம் பிடிக்க ஏன் விலை கொடுக்கிறீர்கள்?

நேரத்துக்கு மதிப்பு உண்டு. பெரிய பொறுப்பில் உள்ளவரின் நேரத்துக்கு மதிப்பு அதிகம் என்பதும் இதோடு சேர்ந்து வரும் வாதம். மதிப்பை அளக்கும் கோல் எது? சம்பளமே கோல் என்றால் வாதம் முடிந்தது. மனிதர்களுக்கே விலைச்சீட்டுத் தொங்கவிட வேண்டும். நிர்வாகி ஒருவர் விமானத்தைத் தவறவிட்டால் அடுத்த விமானத்தில் கம்பெனிச் செலவில் போவார், கூட்டம் ஒத்திவைக்கப்படும். விசா முடியும் தேதிக்குள் போய்ச் சேர வேண்டிய தொழிலாளி தவறவிட்டால், வட்டிக்கு வாங்கிக் கட்டிய டிக்கெட் பணமும் போகும், வேலையும் போகலாம். முன்னவருக்கு ஒரு மணி நேரம் கெட்ட இடத்தில் பின்னவருக்கு ஒரு வருஷமே கெடும்.

அமெரிக்காவில் இந்த விவாதம் இன்னொரு ரூபத்தில் எழுந்தது. 2001 செப்டம்பர் 11 ஆம் தேதி நடந்த அநியாயத்துக்குப் பிறகு அதே ஆண்டு நவம்பரில் சட்டம் இயற்றி, விமான நிலையச் சோதனையை மத்திய அரசாங்கமே ஏற்றது. அங்கேயும் பாதுகாப்புக் கட்டணம் எல்லாருக்கும் ஒன்றுதான். 2014 முதல் ஒருவழிப் பயணத்துக்கு 5 டாலர் 60 சென்ட். அங்கே விமானக் கம்பெனிகளும் நிலையங்களும் முன்வைத்த சமாதானம் இது: அரசாங்க அதிகாரியின் மேசையிலிருந்துதான் சர்க்காரின் எல்லை; அதுவரை உள்ள தரையும் கயிறும் எங்களுடையவை; எங்கள் தரையில் யாரை எந்தக் கயிற்றுக்குள் விடுவது என்பது எங்கள் இஷ்டம். இந்த வாதம் கேட்கக் கச்சிதமாக இருக்கிறது. ஆனால் நம்மூர் ரேஷன் கடையை நினைத்துக்கொண்டால் இதன் பொய்மை உடனே புலப்படும். அரிசி சர்க்காருடையது, கடை சர்க்காருடையது, வாசல் திண்ணை மட்டும் பக்கத்து வீட்டுக்காரருடையது. அவர் திண்ணையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, ஐம்பது ரூபாய் கொடுப்பவரை முன்னால் விடுவேன், மற்றவர் பின்னால் நிற்கலாம், அரிசியில் நான் கை வைக்கவில்லையே என்றால் ஊர் பொறுக்குமா? எல்லாருக்கும் வேண்டிய ஒன்று ஒவ்வொருவராகக் கொடுக்கப்படும் இடத்தில், யார் முதலில் என்பதுதான் விஷயத்தின் உயிர். வரிசையைக் கையில் வைத்திருக்கிறவர் சேவையையே கையில் வைத்திருக்கிறார்.

அந்நாட்டிலேயே ‘கிளியர்’ என்னும் தனியார் கம்பெனி, சந்தா கட்டிய அங்கத்தினர்களைத் தன் ஊழியர் மூலம் வரிசையின் தலைக்கே அழைத்துப் போய்விடுகிறது. பொது வரிசைக்குள் இப்படி ஆட்களை நுழைக்கக் கூடாது, வேண்டுமானால் தனி வழி வைத்துக்கொள்ளட்டும் என்று கலிபோர்னியா மாநில செனட்டில் 2024 இல் ஒரு மசோதா வந்தது. பெரிய விமானக் கம்பெனிகள் எதிர்த்தன. மசோதா குழு நிலையைத் தாண்டவில்லை. பணத்தின் கை எவ்வளவு நீளம் என்பதற்கு இது போதும். நியாயம் கம்பெனிகளின் பக்கம் இருந்தது என்பதற்கு இது அத்தாட்சி ஆகாது.

இனி நம்பகத்தைப் பற்றிய வாதம். உயர்ந்த வகுப்பில் அடிக்கடி பிரயாணம் செய்கிறவர்கள் கௌரவஸ்தர்கள், அவர்களால் அபாயம் குறைவு, ஆகையால் அவர்களைத் துரிதமாக அனுப்பிவிடுவது பாதுகாப்புக்கே நல்லது என்று சிலர் வாய் கூசாமல் சொல்லுகிறார்கள். சரித்திரம் வேறு மாதிரிச் சொல்லுகிறது. செப்டம்பர் 11 அன்று நான்கு விமானங்களைக் கடத்திய 19 பேர் எந்தெந்த ஆசனத்தில் இருந்தார்கள் என்று அமெரிக்க விசாரணைக் குழுவின் அறிக்கை பதிவு செய்திருக்கிறது. அவர்களில் 17 பேர் முதல் வகுப்பிலும் வணிக வகுப்பிலும் இருந்தார்கள். சாதாரண வகுப்பில் இருந்தவர்கள் இரண்டே பேர். விமானியின் அறைக்கு அருகில் இருக்க வேண்டிக் காசு கொடுத்து முன் ஆசனங்களை வாங்கினார்கள். இதனால் முன்வகுப்பில் போகிறவர்களைச் சந்தேகிக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை; அது இன்னோர் அநியாயம். டிக்கெட்டின் விலை ஒருவருடைய குணத்துக்குச் சாட்சி ஆகாது என்று மட்டும் சொல்லுகிறேன். நம்பகத்தைச் சோதித்துத்தான் ஒரு வழி திறக்க வேண்டும் என்றால் அதற்கு முறை இருக்கிறது. நம் சர்க்காரே 2024 ஜூனில் டெல்லியில் தொடங்கி, பிறகு சென்னை உள்ளிட்ட நகரங்களுக்கும் கொண்டுவந்திருக்கும் நம்பகப் பிரயாணித் திட்டத்தில், முன்னதாக விண்ணப்பித்து, விசாரணைக்கு உட்பட்டு, விரல் ரேகையும் முகமும் பதிவு செய்துகொண்ட இந்தியர் எவரும் குடியேற்றச் சோதனையில் தானியங்கிக் கதவு வழியாகப் போகலாம். அவர் எந்த வகுப்பில் பறக்கிறார் என்று அந்தக் கதவு கேட்பதில்லை. துரிதமும் சமத்துவமும் ஒன்றுக்கொன்று பகை அல்ல என்று காட்ட இதுவே போதும்.

“கோயிலிலேயே விசேஷ தரிசனம் இருக்கிறதே, திருப்பதியில் 300 ரூபாய்க்குச் சிறப்பு நுழைவு உண்டே, விமான நிலையம் என்ன புனிதமா?” என்று கேட்பவர்களும் உண்டு. ஆண்டவன் சந்நிதியில் நடக்கும் அந்தப் பழக்கமே பல பக்தர்களின் நெஞ்சை உறுத்திக்கொண்டிருக்கிறது. ஒரு தவறு இன்னொரு தவறுக்கு முன்மாதிரி ஆகாது. இதற்கு மேல் அந்த வாதத்துக்கு நேரம் செலவிட வேண்டியதில்லை.

இவற்றையெல்லாம்விட ஆழமான ஒரு தீமையைச் சொல்லியாக வேண்டும். ஊரில் எல்லாரும் ஒரே கிணற்றில் தண்ணீர் எடுக்கிறவரை அந்தக் கிணறு தூர் வாரப்படும். பண்ணையார் தம் வீட்டிலேயே தனிக் கிணறு வெட்டிக்கொண்ட வருஷம் முதல் பொதுக் கிணற்றில் பாசி படரும். வரிசை நீண்டு போனால் கூச்சலிடத் தெரிந்தவர்கள், மந்திரியிடம் நேரில் சொல்லக்கூடியவர்கள், பத்திரிகைக்கு எழுதக்கூடியவர்கள் யாரோ, அவர்களையே வரிசையிலிருந்து கழற்றிவிட்டால், மிஞ்சி நிற்பவர்களின் குரல் யார் காதில் விழும்? 2022 டிசம்பரில் டெல்லி விமான நிலையத்தின் மூன்றாம் முனையத்தில் கூட்டம் அளவு மீறிப் போய், பெரியவர் சிறியவர் என்ற பேதமில்லாமல் எல்லாரும் மணிக்கணக்கில் தவித்தபோது என்ன நடந்தது? தேசம் முழுவதும் அது பேச்சாயிற்று. விமானத் துறை மந்திரியே நேரில் வந்து பார்த்தார். சோதனை இயந்திரங்கள் கூட்டப்பட்டன, காவற்படையினர் கூடுதலாக அனுப்பப்பட்டார்கள், நெரிசல் தணிந்தது. வசதி படைத்தவரும் சேர்ந்து நின்ற வரிசை சில வாரங்களில் சீர்பட்டது. அவர்கள் நிற்காத வரிசை ஆண்டுக்கணக்கில் அப்படியே இருக்கும். விசேஷ வரிசைக்கு விலை கிடைக்க வேண்டுமானால் பொது வரிசை நீளமாகவே இருந்தாக வேண்டும் என்பதையும் கவனிக்க வேண்டும். எல்லாரும் ஐந்து நிமிஷத்தில் போய்விடும் நிலையத்தில் யார் முன்னிடத்துக்குக் காசு கொடுப்பார்கள்? ஆகவே ஜனங்களின் சிரமத்தில் கம்பெனிக்கு ஓர் ஆதாயம் ஏற்பட்டுவிடுகிறது. இன்று உள்ளவர்கள் யாரும் வேண்டுமென்று வரிசையை நீட்டுகிறார்கள் என்று நான் குற்றம் சாட்டவில்லை. அதைக் குறைக்க அவர்களுக்குத் தூண்டுதல் இல்லாமற் போகிறது என்கிறேன்.

முன்னிடமே யாருக்கும் கூடாது என்று சொல்லுகிறவன் அல்லன் நான். கைக்குழந்தைக்காரி, நிறைமாதக் கர்ப்பிணி, தள்ளாத முதியவர், சக்கர நாற்காலியில் வருகிறவர், புறப்படும் நேரம் நெருங்கிவிட்ட விமானத்தின் பிரயாணி, இவர்களுக்கு வழி விட யாரும் முகம் சுளிப்பதில்லை. முதல் பொதுத்தேர்தல் தொட்டு நம் வாக்குச்சாவடிகளில் நடப்பது என்ன? நாட்டில் பேர் பெற்ற நடிகர்களும் கோடீஸ்வரர்களும் தெருவோரத்துப் பள்ளிக்கூடத்து வராந்தாவில் வரிசையில் நிற்கிறார்கள்; நடக்க முடியாத கிழவி வந்தால் எல்லாரும் விலகி உள்ளே விடுகிறார்கள்; பணக்காரர் வந்தால் விலகுவதில்லை. தேவைக்கு வழி, தொகைக்கு இல்லை என்ற அந்த நீதியை நம் ஜனங்கள் யாரும் கற்றுக்கொடுக்காமலே அறிந்திருக்கிறார்கள். 2017 மே முதல் தேதியிலிருந்து மந்திரிகளின் கார்களிலிருந்து சிவப்பு விளக்குகள் எடுக்கப்பட்டபோதும், நிர்வாகம் ஸ்தம்பித்துவிடும் என்று பயந்தவர்கள் இருந்தார்கள். வானம் இடிந்து விழவில்லை.

ஆகவே சிவில் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தையும் விமானப் பாதுகாப்புப் பணியகத்தையும் நான் கேட்டுக்கொள்வது இதுதான். காவற்படையின் சோதனைக்கு முன்னால் உள்ள வரிசை சர்க்காரின் வரிசை என்று உத்தரவு போடுங்கள். அதில் முன்னிடம் முதுமைக்கும் நோய்க்கும் தாய்மைக்கும் நேர நெருக்கடிக்கும் மட்டும் உண்டு, எந்த டிக்கெட்டுக்கும் எந்தக் கடன் அட்டைக்கும் இல்லை என்று எழுதுங்கள். அந்த உத்தரவால் கம்பெனிகளுக்கு ஓர் ஆசனமும் குறையாது, ஒரு லவுஞ்சும் மூடப்படாது.

வாசகர்கள் ஒன்று செய்யலாம். அடுத்த முறை டிக்கெட் வாங்கும்போது அதில் கட்டண விவரம் அச்சிட்டிருக்கும் பகுதியைப் பாருங்கள். பாதுகாப்புக் கட்டணம் என்று ஒரு வரி இருக்கும். நான் சாதாரண வகுப்பில் டெல்லிக்கு வாங்கிய டிக்கெட்டில் அந்தத் தொகையைப் பார்த்துக்கொண்டேன். மைத்துனரின் வணிக வகுப்பு டிக்கெட்டையும் வாங்கிப் பார்த்தேன். அதிலும் அதே தொகைதான்.